களிப்பு இரண்டு

'களித்தல்' என்னும் சொல்லுக்குத் தமிழகராதிகள் இரு பொருள் கூறும். மகிழ்தல் என்பது ஒன்று; கள்ளுண்டு வெறித்தல் என்பது மற்றொன்று. 'களி' என்பதும் அவ்வாறே. மகிழ்ச்சியும் களி, மயக்கமும் களி, கள்ளுண்டு மயங்கினவனும் களி. 'மகிழ்' என்னும் சொல்லும் பழைய நூல்களிற் சிலவிடத்துக் கள்ளையும் கள்ளால் வரும் மயக்கத்தையும் உணர்த்தி நிற்கும். சொற்கள் இவ்வாறு பின்னிக் கிடப்பது காரணமின்றி நேர்ந்ததென்று தோன்றவில்லை. மகிழ்ச்சி உள்ள இடத்திற் கள் உண்டு, கள் இல்லாத இடத்தில் மகிழ்ச்சி இல்லை என்று மக்கள் நெடுங்காலமாக எண்ணி வந்தார்கள். அந்த எண்ணம் மொழியிலும் படிந்துவிட்டது.

இவ்வெண்ணத்தினால் இன்று பெரிதும் துன்புறுபவர் யார்? குடிப்பவர் அல்லர், குடியை விட்டவர். குடிப்பவருக்கு ஊரிலே கூட்டம் உண்டு. குடியாதவருக்கும் தமக்கென ஒரு கூட்டம் உண்டு. இடையிலே நிற்பவர் குடியை விட்டவர் ஒருவரே. பழைய கூட்டத்துக்குப் போனால் குடி மீண்டும் வந்துவிடும். புதிய கூட்டத்துக்குப் போனால், 'இவர் இன்னார்' என்று கடைக்கண்ணாற் பார்ப்பார்கள். ஆதலின் அவர் வீட்டிலே இருக்கிறார். மாலை வருகிறது, விளக்கேற்றுகிறார்கள், தெருவிலே ஆரவாரம் கேட்கிறது, அவர் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். 'நல்ல காலம், மனிதன் திருந்திவிட்டான்' என்று சுற்றத்தார் ஆறுதல் அடைகின்றனர். அவர் திருந்தியது உண்மை. ஆனால் அவர் வாழ்கின்றாரா என்பதை எவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். கள் என்று சொல்லும்போது சாராயம், கஞ்சா, ஹெரோயின், இளைஞரை இந்நாளிற் பற்றியிருக்கும் 'ஐஸ்' முதலிய யாவற்றையும் உளப்படுத்தியே சொல்கின்றோம்.

உவகையின் நான்கு ஊற்றுக்கள்

மகிழ்ச்சியை ஆராய்ந்தவர்களுள் நமக்கு முதல்வர் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலிலே அவர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகின்றார். ஒவ்வொன்றும் நான்கு நான்கு காரணங்களாற் பிறக்கும் என்பதும் அவர் கொள்கை. உவகைக்கு அவர் கூறிய நான்கு யாவை? செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. செல்வமாவது நுகர்தற்குரிய பொருளுடைமை. புலனை அறிவின்பாற் படுத்து உரைப்பர். புணர்வு அன்புடையாரோடு கூடுதல். விளையாட்டு யாவரும் அறிந்தது.

இந்நான்கனுள்ளே கள் இல்லை. தொல்காப்பியர் காலத்தில் தமிழ்நாட்டிலே கள் இல்லாமற் போகவில்லை. வெட்சி கரந்தை முதலாகப் போர்த்துறைகளைக் கூறும்போது உண்டாட்டையும் அவர் கூறுகின்றார். கள்ளை அறிந்திருந்தும் உவகைக்குக் காரணம் கூறப் புகுந்தபோது அதனை அவர் எண்ணவில்லை. அன்றியும், தாம் கூறும் உவகை துன்பத்தினின்று நீங்கிய உவகை என்று ஓர் அடைகொடுத்தும் கூறுகின்றார். துன்பத்தைப் பின்னாலே இழுத்துக்கொண்டு வரும் மகிழ்ச்சி அவருடைய கணக்கிற் சேராது.

இனி, சங்கப் புலவர் கள்ளைப் பாடவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். பாடினர். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை புறநானூற்றில் 235ஆம் பாட்டாக இருக்கின்றது. கள் சிறிதாயின் அவன் அதனை எமக்கே தந்தான், பெரிதாயின் நாம் பாட அவன் தானும் உண்டு மகிழ்ந்தான் என்று அப்பாட்டுத் தொடங்குகிறது. ஔவையார் எதற்காக அழுகின்றார் என்பதை ஊன்றி நோக்க வேண்டும். கள் இல்லாமற் போயிற்றே என்று அவர் அழவில்லை. தனக்கில்லையாயினும் பிறர்க்கு ஈந்த கை போயிற்றே என்று அழுகின்றார். அந்த அவையிலே இன்பம் தந்தது பகிர்வு, பாட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்த நட்பு. கள் அவற்றின் நடுவே இருந்தது, அவ்வளவே. தொல்காப்பியர் மொழியிற் சொன்னால், அங்கே உவகையைப் பிறப்பித்தவை புணர்வும் புலனும். அந்தப் புகழைக் கள் தனதாக்கிக்கொண்டது.

குடியை விட்டவருக்குச் சொல்லவேண்டிய முதற் செய்தி இதுவே. ஐயா, நீங்கள் இழந்தது கள் ஒன்றையே. பகிர்வும் பாட்டும் நட்பும் கள்ளுக்குச் சொந்தமானவை அல்ல. அவை உங்களுக்கு உரியவை. அவற்றை நீங்கள் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

வெறுமை என்னும் காலம்

இதனைச் சொல்வது எளிது. விட்ட புதிதில் அவருக்கு நிகழ்வது வேறு. எதிலும் சுவை இல்லை. முன்னர் விரும்பிக் கேட்ட நாதஸ்வரம் வெறும் ஓசையாகக் கேட்கிறது. பிள்ளைகளின் விளையாட்டு எரிச்சலைத் தருகிறது. 'குடியாத வாழ்க்கை இதுதான் என்றால் இது எதற்கு?' என்று மனம் கேட்கிறது.

இதற்கு உடலிலே காரணம் உண்டு. நல்லுணவு, நட்பு, வெற்றி முதலியவற்றால் மூளையிலே ஊக்கத்தையும் நாட்டத்தையும் எழுப்பும் தொழில் நடைபெறுகின்றது. டோபமின் என்னும் பொருளுக்கு அத்தொழிலிற் பெரும் பங்குண்டு. போதைப்பொருள் அந்த வழியிலே அளவுக்கு மிஞ்சிய வெள்ளத்தைப் பாய்ச்சுகிறது. நாடோறும் வெள்ளம் பாய்ந்தால் மூளை தன் மதகுகளைத் தாழ்த்திக்கொள்கிறது. பின்னர் வெள்ளம் நின்றபோது, இயல்பாக வரும் சிறு நீரோட்டங்கள் அந்தத் தாழ்ந்த மதகுகளைக் கடக்க மாட்டாமல் நிற்கின்றன. இதுவே அந்த வெறுமை. நாட்கள் செல்லச் செல்ல, வாரங்களும் மாதங்களும் கழியக் கழிய, மதகுகள் சிறிது சிறிதாக நிமிரும். நாதஸ்வரம் மீண்டும் நாதஸ்வரமாகக் கேட்கும். இடைக்காலத்திலே சுவை தோன்றாவிடினும் நல்ல கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருத்தல் வேண்டும். பசியில்லாத நோயாளி மருந்தென்று எண்ணிக் கஞ்சி குடிப்பதில்லையா? அதுபோல என்க.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பல காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் அறிவு கலங்கிய பிதற்றலும் வரலாம். உயிருக்கே ஆபத்தும் உண்டாகலாம். ஆதலின் நிறுத்தும் பணியை மருத்துவர் துணைகொண்டு தொடங்குவதே முறை. நம் நாட்டிலே 1984இல் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அரசினர் வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளும் இதற்கு உதவுகின்றன. திருவள்ளுவர் கள்ளுண்ணாமையையும் சூதையும் 93ஆம் 94ஆம் அதிகாரங்களிற் கூறி, அடுத்த 95ஆம் அதிகாரமாக மருந்தை வைத்தார். அந்த வைப்புமுறையை நாமும் மறவாதிருப்போமாக.

நாகர் தலைவன் கேட்ட கேள்வி

திருந்திய ஒருவன் பிறர் கூட்டத்திலே எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நம் இலக்கியத்திலே ஒரு சிறந்த வரலாறு உண்டு. மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் சாதுவன் வரலாறே அது.

சாதுவன் கள்ளுக்கு அடிமையானவன் என்று சாத்தனார் கூறவில்லை. அவன் கணிகையிடத்தும் சூதிடத்தும் தன் பொருளெல்லாம் இழந்தவன். சூதாட்ட வேட்கையையும் இக்கால மருத்துவர் அடிமைநோய்களுள் ஒன்றாகவே எண்ணுகின்றனர். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு அதனை அவ்வாறே கொள்கிறது. வள்ளுவரோ கள்ளையும் கவற்றையும் ஒரே குறளிற் சேர்த்து, திருவால் நீக்கப்பட்டாரின் தொடர்பு என்று அன்றே கூறிவிட்டார். பொருளற்ற சாதுவனைக் கணிகை துரத்தினாள். அவன் பொருளீட்ட எண்ணி வணிகரோடு கப்பலேறினான். கப்பல் உடைந்தது. ஒரு மரத்துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலையை அடைந்தான். உடைந்த கப்பலோர் கிடைத்தால் உண்ணும் மக்கள் அவர்கள். அவர்கள் மொழியை அவன் அறிந்திருந்தபடியாற் பிழைத்தான். அவனைத் தம் தலைவனிடம் கொண்டு சென்றார்கள்.

தலைவன் விருந்தோம்பல் அறிந்தவன். வந்தவனுக்கு இளம்பெண் ஒருத்தியையும் கள்ளையும் ஊனையும் வேண்டுமட்டும் கொடுங்கள் என்று பணித்தான். சாதுவன் வேண்டேன் என்றான். தலைவனுக்குச் சினம் வந்தது. பெண்ணும் உணவும் இல்லையென்றால் மக்களுக்கு இவ்வுலகிற் கிடைக்கும் பயன் வேறு உண்டோ, உண்டாயின் யாமும் காண்போம், காட்டுக என்றான்.

அந்தக் கேள்வியை நாம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கலியாண வீட்டின் பின்வளவிலே நின்று, 'இதுவும் இல்லையென்றால் பிறகு என்ன கலியாணம்?' என்று கேட்பவர் அந்த நாகர் தலைவனின் வழித்தோன்றலே. அவரிடத்திலும் வஞ்சகம் இல்லை. தாம் அறிந்த ஒரே விருந்தைத் தருகின்றார். அவர் கேள்வியும் நேர்மையான கேள்விதான். 'உண்டாயின் காட்டுக' என்றால், சொல்வது போதாது, காட்டவேண்டும்.

சாதுவன் நடந்துகொண்ட முறையிலே நான்கு செய்திகளைக் காணலாம். அவன் முதலில் அவர்களுடைய மொழியிலே பேசினான். மேலே நின்று உபதேசிக்கவில்லை. இரண்டாவது, வேண்டாம் என்பதைச் சுற்றி வளைக்காமற் சொன்னான். மூன்றாவது, காரணத்தைத் தலைவன் கேட்ட பின்னரே கூறினான். நான்காவது, அவர்களோடு பகைத்துக்கொண்டு எழுந்து போகவில்லை. கள்ளையும் ஊனையும் விட்டால் எம்மால் உயிர்வாழ இயலாது, எமக்கு இயலும் அறத்தைச் சொல் என்று தலைவன் கேட்டபோது, உடைந்த கப்பலில் வருவோரைக் கொல்லாதீர், மூத்து இறந்த விலங்கின் ஊனன்றிப் பிற உண்ணாதீர் என்று அவர்க்கு இயன்ற அறத்தையே சொன்னான். தான் குடியாதிருந்தான், குடிப்பவரை வெறுக்கவும் இல்லை. அவர்கள் அவனுக்கு அகிலும் சந்தனமும் துகிலும் பிற பொருளும் கொடுத்து விடைகொடுத்தார்கள். விருந்தை மறுத்தவன் நண்பனாகத் திரும்பினான்.

காட்டியவர்கள்

நாகர் தலைவன் கேட்டபடி 'காட்டியவர்' பிறநாடுகளிலும் இருந்திருக்கின்றனர். மூவரை மாத்திரம் கூறுவோம்.

தோமஸ் குக் என்பவர் இங்கிலாந்தில் 1808இற் பிறந்த தச்சர், மதுவிலக்குப் பிரசாரகர். தொழிலாளர் ஓய்வுநாளில் மதுக்கடைக்குப் போவது, போவதற்கு வேறு இடம் இல்லாமையாலும் அன்றோ என்பது அவருக்குத் தோன்றியது. 1841 யூலை 5ஆந் திகதி லெஸ்டர் நகரிலிருந்து லவ்பரோ என்னும் ஊருக்கு ஏறத்தாழ 500 பேரைத் தனிப் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். ஆளுக்கு ஒரு சிலிங் கட்டணம். இன்னியம் முழங்கியது, பூங்காவிலே விளையாட்டு நிகழ்ந்தது, தேநீர் வழங்கப்பட்டது, மதுவிலக்குச் சொற்பொழிவும் இருந்தது. இன்று உலகெங்கும் நடைபெறும் சுற்றுலாத் தொழிலின் தொடக்கங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர் அந்த ஒருநாட் பயணத்தைக் கூறுவர். 'குடியாதே' என்று சொன்னவர் ஆயிரம் பேர். 'குடியாதே, வா, போய் வருவோம்' என்று சொன்னவர் குக்.

இரண்டாவது வரலாறு அமெரிக்காவிலே நிகழ்ந்தது. 1935 மே மாதம், பில் வில்சன் என்னும் வணிகர் ஒகாயோ மாநிலத்து அக்ரன் நகரிலே ஒரு விடுதியின் கூடத்தில் தனியே நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த தொழில் முறிந்துவிட்டது. கூடத்தின் ஒரு பக்கத்திலே மதுச்சாலை. அங்கிருந்து சிரிப்பொலி வந்தது. மற்றப் பக்கத்திலே தொலைபேசி. அவர் தொலைபேசியிடம் சென்றார். தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு பேசவேண்டும் என்று பலரையும் விசாரித்தார். அவ்வாறு கிடைத்தவர் றொபேட் சிமித் என்னும் வைத்தியர். கால்மணி நேரமே பேசுவேன் என்ற நிபந்தனையோடு வந்த வைத்தியர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்த வைத்தியர் கடைசியாகக் குடித்த நாள் 1935 யூன் 10 எனக் கொண்டு, அந்நாளையே 'பெயர் குறியாக் குடிநோயாளர்' சங்கத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றனர். இன்று பல நாடுகளிலே அச்சங்கத்தின் கூட்டங்கள் நடைபெறுகின்றன. வில்சனை மதுச்சாலைப் பக்கம் இழுத்தது மதுவின் மணம் மாத்திரமன்று, அந்தச் சிரிப்பொலி. அவர் தேடியதும் ஒரு துணையையே. துணையை வேறோரிடத்தில் தேடிக்கொண்டார், அவ்வளவே வேறுபாடு.

மூன்றாவது ஓர் ஆராய்ச்சி. இலினோய் மாநிலத்தில் அன்னா என்னும் ஊர் அரசினர் மனநோய் வைத்தியசாலையிலே ஜோர்ஜ் ஹண்ட், நாதன் அஸ்ரின் என்னும் உளவியலார் இருவர் நடத்தியது, 1973இல் வெளிவந்தது. கடுங்குடிநோயாளர் 16 பேரை எடுத்து, ஒத்த நிலையினரை இருவர் இருவராகச் சேர்த்து, எட்டுப் பேருக்கு வைத்தியசாலையின் வழமையான சிகிச்சையை மட்டும் அளித்தனர். மற்றை எட்டுப் பேருக்கு அதனோடு தொழில் தேடிக்கொடுத்தனர். குடும்ப உறவைச் சீர்செய்ய உதவினர். குடியாத நண்பர்களோடு பழக வழிவகுத்தனர். யாவற்றினும் சுவையான செய்தி ஒன்றுண்டு. அவ்வூரிலே முன்னர் மதுக்கடையாக இருந்த கட்டடத்தையே எடுத்து, மதுவில்லாத கழகமாக மாற்றினர். அங்கே இசை, சீட்டாட்டம், நடனம், திரைப்படம், வெளியூர் உல்லாசப் பயணம் யாவும் இருந்தன. மனைவியரும் நண்பரும் வரலாம். குடித்துவிட்டு வருபவரை மாத்திரம் வாசலிலேயே திருப்பி அனுப்பினர். ஆறு மாதக் கணக்கைப் பார்த்தபோது, வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் நாட்களில் நூற்றுக்கு 79 பங்கைக் குடியிலே கழித்திருந்தனர். மற்றையோர் 14 பங்கை மட்டுமே கழித்திருந்தனர். எண்ணிக்கை சிறிது என்பது உண்மை. ஆயினும் பின்னர் வந்த ஆராய்ச்சிகள் பலவும் அந்த வழியைத் தொடர்ந்து சென்றன.

அவர்கள் கள்ளை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடவில்லை என்பதை நோக்குக. கட்டடம் அதுவே, இசை அதுவே, ஆட்கள் அவர்களே, கள் ஒன்றே இல்லை.

நம்மூர்களிலே

நமக்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் கிராமங்கள் தோறும் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் இருக்கின்றன. அவற்றின் முன்றிலிலே மாலையிற் கரப்பந்தாட்டம் நடைபெறுகிறது. விளையாட முடியாத வயதினர் அங்கே புள்ளி குறிக்கலாம், மத்தியஸ்தம் செய்யலாம், ஒன்றுமில்லையேல் நின்று ஆரவாரிக்கலாம். காசு வையாமல் ஆடும் முந்நூற்றுநான்கு சீட்டாட்டம் நான்கு பேரை இரண்டு மணி நேரம் சிரிக்க வைக்கும். சூதிலே வீழ்ந்தவருக்கு மாத்திரம் சீட்டு ஆகாது. அவருக்குச் சதுரங்கம் போன்ற வேறோர் ஆட்டத்தைத் தேடிக்கொள்க. ஒடியற் கூழ் காய்ச்சும் நாளிலே பத்துப் பேர் கூடிப் பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடிக்கும்போது எழும் பேச்சும் சிரிப்பும் எந்தத் தவறணையிலும் எழுவதற்குக் குறைந்ததன்று. அதே பிளா, உள்ளே ஊற்றியது வேறு.

கோயிற் கொடியேறினால் மாலை கட்டவும் சப்பறம் சோடிக்கவும் அன்னதானத்துக்கு மரக்கறி அரியவும் கைகள் வேண்டும். கூத்துப் பழகும் ஊரிலே இரவு முழுவதும் பழக்கம் நடைபெறும். பாடத் தெரியாதவர் திரை பிடிக்கலாம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டமேற்றும் விழாவைக் காண ஊரெல்லாம் திரள்கிறது. பட்டத்துக்கு மூங்கில் சீவுவதும் நூல் முறுக்குவதும் பல வாரத்து வேலை. இத்தகைய வேலைகளின் சிறப்பு யாதெனில், இவற்றிலே ஈடுபடுபவர் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. கை வேலை செய்கிறது. வாய் இடையிடையே பேசுகிறது. கூச்சம் மிக்கவருக்கு இதைவிட நல்ல வாயில் இல்லை.

இவை யாவும் மாலைக்குரியவை என்பதையும் கவனிக்க. குடியை விட்டவருக்குப் பகை கள் மாத்திரமன்று. முன்பு கள்ளுக்குப் போன அந்த நேரமும் பகையே. ஆறு மணி வந்ததும் கால் தானே எழும். அந்தக் காலுக்கு வேறு வழி ஒன்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் வேட்கையைக் கிளறுவன என்று மீண்டவர்கள் தம் அனுபவத்தாற் கூறுவர். மாலையிலே இந்நான்கும் ஒருங்கே கூடும். வேளையோடு உணவும், வெளியே செல்ல ஓரிடமும், உடன்வர ஒருவரும் இருந்தால் அவற்றுட் பெரும்பான்மை நீங்கிவிடும்.

பனையைப் பாருங்கள். அதே பாளை, அதே சாறு. முட்டியிலே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் விடியற்காலையில் இறங்குவது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் ஆண்டு முழுவதும் கெடாத பனங்கட்டி. சுண்ணாம்பு தடவாத முட்டியில் இறங்குவது கள். பனையின் மேலும் குற்றமில்லை. ஏறி இறக்கிய தொழிலாளியின் மேலும் குற்றமில்லை. சாறு எந்த முட்டியிலே சேர்கிறது என்பதே வேறுபாடு. மனிதனுக்குச் சுற்றம் அந்த முட்டி.

அழைப்போரும் வருவோரும்

ஆதலின் அழைப்போருக்குச் சிலவற்றைச் சொல்வோம். குடியை விட்டவருக்குக் கலியாண ஓலை கொடாது விடுவது நன்மையென்று எண்ணாதீர். அது அவரை ஊரினின்று தள்ளுவது. அழையுங்கள். வந்ததும் கையிலே ஒரு குவளை தேசிக்காய்த் தண்ணீரோ இளநீரோ கொடுங்கள். வெறுங்கையைக் கண்டால் யாராவது எதையாவது திணிப்பார்கள். பந்தலிலே ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பொறுப்புள்ளவர் பின்வளவுக்குப் போக நேரம் இராது. 'இன்றைக்கு மாத்திரம் ஒன்று' என்று எவரையும் சொல்ல விடாதீர். அந்த 'ஒன்று' அவருக்கு ஒன்றாக நிற்பதில்லை. அவர் இடையில் எழுந்து போனால் ஏன் என்று கேளாதீர். போகும் உரிமை உண்டென்று அறிந்தவரே அடுத்த முறையும் வருவார்.

இன்னொன்று. அவரைக் காட்சிப்பொருள் ஆக்காதீர். 'இவர் முன்னே பெருங்குடிகாரர். இப்போது திருந்திவிட்டார்' என்று மேடையில் நிறுத்துவது பாராட்டுப்போலத் தோன்றும். அது அவரை அந்தப் பழைய பெயரோடு மீண்டும் கட்டுவதாகும். தாமாக விரும்பிப் பேசினாற் கேளுங்கள். இல்லையேல் அவரை நல்ல வயலின் இரசிகர் என்றோ, கரப்பந்தாட்டத்து மத்தியஸ்தர் என்றோ, சப்பறச் சோடனையில் வல்லவர் என்றோ அறிமுகஞ் செய்யுங்கள். ஒருவனுக்குப் புதிய வாழ்வு அமைவது புதிய பெயரோடு.

வருவோருக்கும் சிலவுண்டு. எல்லாக் கூட்டத்துக்கும் போகவேண்டும் என்பதில்லை. விட்ட புதிதிற் கள் பெருகும் இடத்தைத் தவிர்ப்பது கோழைமையன்று. நீந்தத் தெரியும் முன்னர் ஆழத்தில் இறங்காமையே அறிவு. போகத்தான் வேண்டுமாயின் நிலைமை அறிந்த நண்பர் ஒருவரோடு போங்கள். திரும்பும் வழியைப் பிறர் கையில் விடாதீர். 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லை வீட்டிலே சொல்லிப் பழகுங்கள். அதற்குக் காரணம் கூறும் கடன் உங்களுக்கு இல்லை. கேட்டபின், விரும்பினாற் கூறலாம். சாதுவன் வழி அதுவே.

ஒருநாள் கால் இடறிவிட்டால்? இடறுவதும் இந்நோயின் இயல்புகளுள் ஒன்று. அன்றைக்குக் கதவைச் சாத்துவோமாயின் நாம் அதுவரை கட்டியது முழுவதும் இடியும். நீரினுள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவதுபோன்றது களித்தவனுக்குக் காரணங் காட்டுதல் என்பது வள்ளுவர் உவமை. ஆகவே அந்த நேரத்திலே உபதேசம் வேண்டாம். பத்திரமாக வீட்டிற் சேர்த்துவிட்டு, மறுநாட் காலையிலே போய்ப் பாருங்கள். மீண்டும் சிகிச்சைக்கு வழிகாட்டுங்கள். 'மாலையில் ஆட்டம் இருக்கிறது, வா' என்றும் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த அழைப்பு நூறு அறிவுரையினும் உயர்ந்தது.

ஆசிரியர்களும் இலக்கிய அன்பர்களும் இதிலே செய்யக்கூடியது மிகுதி. வாரந்தோறும் ஒரு நூலை வாசித்துப் பேசும் சிறு வட்டம், திருக்குறள் வகுப்பு, நாடகப் பயிற்சி, நூல்நிலையத்துக்குப் புத்தகங் கட்டும் பணி ஆகிய இவற்றிற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. தொல்காப்பியர் கூறிய நான்கனுள்ளே புலனும் விளையாட்டும் நம் கையில் உள்ளவை. அவ்விரண்டும் கூடினாற் புணர்வு தானே வரும். வாசலிலே தயங்கி நிற்கும் ஒருவருக்கு 'உள்ளே வாருங்கள்' என்று சொல்லும் வாய் ஒன்றுதான் குறை.

சாதுவன் வரலாற்றின் முடிவையும் கூறிவிடுவோம். சந்திரதத்தன் என்னும் வணிகனுடைய கப்பலேறி அவன் ஊர் திரும்பினான். அவன் இறந்தானென்று கேட்டுத் தீப்பாய்ந்தும், தீயாற் சுடப்படாது மீண்டிருந்த ஆதிரை அவனை ஏற்றுக்கொண்டாள். இருவரும் அறஞ்செய்து வாழ்ந்தனர். பின்னர் மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி முதற் பிச்சை யாரிடம் ஏற்பது என்று வினவியபோது, காயசண்டிகை காட்டிய வீடு அந்த வீடு. ஆதிரை இட்ட சோற்றினால் நிறைந்த பாத்திரமே ஊரின் பசியைத் தீர்த்தது. சூதிலே பொருளெல்லாம் தோற்ற ஒருவன் திரும்பி வந்து வாழ்ந்த வீடு அது. அவன் திரும்பியபோது அங்கே கதவு திறந்திருந்தது.